நூலுக்குப் பெயர் வைத்தல்: திருகோணமலையிலிருந்து முதல் நூல் வெளியிடுவோருக்கு

கதைகள் தட்டச்சாகிவிட்டன. பக்க வடிவமைப்பும் பாதி முடிந்துவிட்டது. அச்சகத்தில் "நூலின் பெயர் என்ன?" என்று கேட்கிறார்கள். "அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்" என்று நீங்கள் சொல்கிறீர்கள். அந்தப் பதிலுக்குப் பிறகு வரும் அலைச்சலையும் செலவையும் எவரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. என் சிறுகதைத் தொகுதியைச் சொந்தச் செலவில் கொண்டுவந்தபோது எனக்கும் எவரும் சொல்லவில்லை. பெயர் காரணமாகவே படிவங்கள் திரும்பி வந்தன, அட்டை தாமதமானது, அழைப்பிதழ் ஒரு பெயரிலும் நூல் இன்னொரு பெயரிலும் வெளிவரும் நிலைவரை போனது. நம் ஊரில் பெரும்பாலான எழுத்தாளர்கள் தாங்களே பதிப்பாளர்களாகவும் இருக்கிறார்கள். முந்நூறோ ஐந்நூறோ பிரதிகள் அச்சிடும் அப்படி ஒருவருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

1. பெயர் எந்த நாளில் பூட்டப்படுகிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

பெயர் என்பது அச்சுக்குப் போகும் நாளில் முடிவாகும் விஷயம் என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் ஐ.எஸ்.பி.என். எனப்படும் சர்வதேச நூல் எண்ணுக்கான படிவத்தில் அதை எழுதிக் கொடுக்கும் நாளிலேயே அது பூட்டப்பட்டுவிடுகிறது. இலங்கையில் அந்த எண்ணை வழங்குவது கொழும்பு 07, சுதந்திர வழியில் இருக்கும் தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபை. பதின்மூன்று இலக்கங்கள் கொண்ட எண் அது. 978-க்கு அடுத்து வரும் 955 அல்லது 624 இலங்கையைக் குறிக்கிறது. எண் குறிப்பிட்ட ஒரு பெயருக்கும் குறிப்பிட்ட ஒரு பதிப்புக்கும் உரியது. பெயரை மாற்றினால் புதிய எண் பெறவேண்டும் என்பது உலகம் முழுவதற்கும் பொதுவான விதி. அதே நூலை மின்னூலாகவும் வெளியிட்டால் அதற்கும் தனி எண் வேண்டும். எதையும் மாற்றாமல் மறுஅச்சுச் செய்வதற்குப் பழைய எண்ணே போதும்.

ஆகவே வெளியீட்டு விழா நாளிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள். விழாவுக்கு மூன்று மாதத்துக்கு முன் பெயர் முடிவாகிவிட வேண்டும் என்பது என் கணக்கு. படிவம் கொழும்புக்குப் போய் எண் வருவதற்கும், அட்டை வரைவதற்கும், அச்சுக்கும் கட்டுதலுக்கும் இடையில் ஏதாவது ஒன்று கட்டாயம் இழுபடும். தைப்பொங்கல், சித்திரைப் புத்தாண்டு, வெசாக் என்று விடுமுறைகள் வேறு. ஆண்டு முடிவில் நாட்காட்டி, நாட்குறிப்பு வேலைகள் அச்சகங்களை நிறைத்துவிடும். அப்போது சிறிய நூல்கள் வரிசையில் பின்னுக்குப் போகும்.

2. பட்டியல் எழுதுங்கள், ஒரே பெயரைக் காதலிக்காதீர்கள்

குறைந்தது பத்துப் பெயர்களைத் தாளில் எழுதுங்கள். எங்கிருந்து எடுப்பது என்பது நூலின் வகையைப் பொறுத்தது.

சிறுகதை அல்லது கவிதைத் தொகுதி என்றால் உள்ளே இருக்கும் ஒரு படைப்பின் பெயரையே நூலுக்கு வைப்பது வழக்கம். வசதியான வழிதான், ஆனால் அதில் ஒரு பொறி இருக்கிறது. நூலைக் கையில் எடுக்கும் ஒவ்வொருவரும் அந்தக் கதையைத்தான் முதலில் புரட்டுவார்கள். நயவுரை நிகழ்த்த வருபவர், நேரமில்லாவிட்டால், அதை மட்டும்தான் வாசித்திருப்பார். ஆகவே பெயர் அழகாக இருக்கிறது என்பதற்காகத் தொகுதியின் சுமாரான கதையை அட்டையில் ஏற்றாதீர்கள். நல்ல பெயர் ஒரு சாதாரணக் கதைக்குக் கிடைத்துவிட்டதென்றால், அதைக் கழற்றி இன்னொரு நல்ல கதைக்குப் பொருத்த முடியுமா என்று பாருங்கள். அது உங்கள் உரிமை.

நாவல் என்றால் பிரதியின் நடுப்பகுதியை மறுபடி வாசியுங்கள். தொடக்கமும் முடிவும் எழுத்தாளர் முயன்று எழுதிய இடங்கள். அங்கிருந்து எடுக்கும் பெயர்கள் முயன்ற வாடையோடுதான் வரும். பாத்திரம் ஒருவர் போகிற போக்கில் சொன்ன வார்த்தை, ஒரு பொருளின் பெயர், ஒரு வீட்டின் பட்டப்பெயர் ஆகியவை நின்று பிடிக்கும்.

ஊர் வரலாறு, கோயில் வரலாறு, மீன்பிடித் தொழில், பாடசாலை நினைவுகள் போன்ற தகவல் நூல்களுக்குக் கவித்துவம் வேண்டாம். எதைப் பற்றி, எந்த இடம், எந்தக் காலம் என்ற மூன்றும் பெயரிலேயே தெரியட்டும். "அலைகள் சொன்ன கதை" என்று பெயர் வைத்த வரலாற்று நூலை எந்த மாணவரும் நூலகத்தில் கண்டுபிடிக்க மாட்டார்.

இன்னொரு எச்சரிக்கை. பிறருடைய பாடல் வரியையோ கவிதை வரியையோ பெயராக எடுப்பதற்கு முன் யோசியுங்கள். இலங்கையில் நடைமுறையில் இருப்பது 2003-ஆம் ஆண்டின் 36-ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். அதன்படி பதிப்புரிமை படைத்தவரின் வாழ்நாளுக்கும் அவர் மறைந்து எழுபது ஆண்டுகளுக்கும் இருக்கிறது. இரண்டு மூன்று சொற்கள் கொண்ட பெயருக்குப் பொதுவாக அந்த உரிமை கோரப்படுவதில்லை. ஆனால் வரியை முழுதாக எடுத்து அட்டையிலும் உள்ளேயும் பயன்படுத்தினால் அனுமதி கேட்பதே முறை. தேவாரத்திலிருந்தும் சங்கப் பாடலிலிருந்தும் எடுப்பவர்களுக்குச் சட்டச் சிக்கல் இல்லை. அவர்களுக்கு உள்ள சிக்கல், அதே தொடரை இன்னும் பலரும் எடுத்திருப்பார்கள் என்பது.

3. ஊர்ப்பெயரைப் பயன்படுத்தும்போது

இந்த இடத்தில் நின்று பேச வேண்டியிருக்கிறது. நம் ஊர்க்காரர்களின் நூல்களில் பாதிக்கு ஊர்ப்பெயர் வருகிறது, மீதிப் பாதிக்குக் கடல் வருகிறது.

முதலில் எழுத்துக்கூட்டல். அரச அலுவலகங்களும் வீதிப் பலகைகளும் 'திருகோணமலை' என்று எழுதுகின்றன. சமய நூல்களும் மூத்த எழுத்தாளர்கள் பலரும் 'திருக்கோணமலை' என்று ஒற்றுடன் எழுதுகிறார்கள். இரண்டுக்கும் ஆதரவாளர்கள் உண்டு. விழா மேடையிலேயே இதைப் பற்றிச் சண்டை போடக்கூடியவர்களும் உண்டு. நீங்கள் எதை எடுத்தாலும் சரி, அதையே அட்டை, உள்பக்கம், படிவம், அழைப்பிதழ் எல்லாவற்றிலும் வைத்துக்கொள்ளுங்கள். கணினித் தேடலுக்கு ஒரு 'க்' இருப்பதும் இல்லாததும் இரண்டு வெவ்வேறு நூல்கள். உபதலைப்பிலோ பின்னட்டைக் குறிப்பிலோ மற்ற வடிவத்தையும் ஓரிடத்தில் வரச்செய்தால் இரண்டு வழியாகத் தேடுபவருக்கும் கிடைக்கும்.

'திருமலை' என்ற சுருக்கம் நமக்கு நாவில் பழகிப்போனது. ஆனால் தமிழ்நாட்டு வாசகருக்குத் திருமலை என்றால் திருப்பதி. உங்கள் நூல் சென்னைக் கடையில் வைக்கப்பட்டால் ஆன்மிக வரிசைக்குப் போய்விடும். அதுபோலத்தான் கன்னியா வெந்நீரூற்றுகளை மனதில் வைத்து 'ஏழு கிணறு' என்று பெயர் வைத்தால், சென்னையில் அது ஒரு பழைய குடியிருப்புப் பகுதியின் பெயர். 'சீனக்குடா' என்று வைத்தால் வெளியூர்க்காரர் சீன தேசத்துப் பயணக் கட்டுரை என்று நினைக்கலாம். இவற்றைப் பயன்படுத்தக்கூடாது என்று சொல்லவில்லை. அப்படி ஒரு பெயரை விரும்பினால், கூடவே உபதலைப்பு வைத்து இடத்தைத் தெளிவாக்குங்கள்.

'கோண' என்று தொடங்கும் பெயர்கள் இன்னொரு வகை. 'கோணேசர் கல்வெட்டு' போன்ற பழைய நூல்களில் தொடங்கி இன்றைய கோயில் மலர்கள் வரை அந்த வரிசை மிக நீளமானது. நூலகப் பட்டியலில் உங்கள் நூல் அந்தக் கூட்டத்தின் நடுவில் காணாமல் போகும். கோயிலோடு தொடர்பில்லாத நூலுக்கு அந்தச் சொல் தேவையே இல்லை. 'கல்வெட்டு' என்ற சொல்லையும் யோசித்துப் பயன்படுத்துங்கள். நம் பக்கத்தில் அது அந்தியேட்டிக்கு அச்சிடும் நினைவு மலர் என்றும் பொருள்படும். கவிதைத் தொகுதிக்கு அந்தப் பெயரை வைத்தால், கையில் வாங்குபவர் யார் காலமானார் என்று கேட்பார்.

மூதூர், கிண்ணியா, தம்பலகாமம், நிலாவெளி, குச்சவெளி, சம்பூர் என்று சிறிய ஊர்ப்பெயர்கள் பெரிய ஊர்ப்பெயரைவிடப் பெயருக்கு நன்றாக உழைக்கும். அவை குறிப்பானவை. ஒரு வாசகர் கூட்டத்தை உடனே அழைத்து வருபவை. கிண்ணியாவைப் பற்றிய நூலுக்குக் கிண்ணியா என்றே பெயரில் இருக்கட்டும். மாவட்டத்தின் பெயரைப் போட்டால் பரப்பு கூடும் என்று சிலர் ஆலோசனை சொல்வார்கள். பரப்பு கூடாது, மங்கும்.

கடல் பற்றி ஒரு வார்த்தை. கடல், அலை, கரை, உப்பு, நுரை, துறைமுகம் ஆகிய ஆறு சொற்களில் ஒன்று உங்கள் பட்டியலில் உள்ள ஒரு பெயரில் இருந்தால் அதை வெட்டிவிட்டு மீதியைப் பாருங்கள். மிஞ்சுவது ஒன்றுமில்லை என்றால் அந்தப் பெயர் சும்மா நிற்கிறது என்று பொருள். கரைவலையைப் பற்றி எழுதியவருக்குக் கடல் என்ற சொல்லே வேண்டியதில்லை. மடி, தோணி, சம்மாட்டி, வாடி என்று எத்தனையோ சொற்கள் இருக்கின்றன.

4. ஏற்கெனவே அந்தப் பெயரில் நூல் இருக்கிறதா என்று தேடுங்கள்

ஒரே பெயரில் இரண்டு நூல்கள் இருப்பதைச் சட்டம் தடுப்பதில்லை. ஆனால் குழப்பத்துக்கு நீங்கள்தான் விலை கொடுப்பீர்கள். உங்கள் நூலைத் தேடுபவருக்கு மற்றவருடையது கிடைக்கும். நூலகர் தவறான பதிவில் உங்கள் பிரதியைச் சேர்ப்பார். ஆகவே பட்டியலை ஐந்து பெயர்களாகக் குறைத்த பிறகு இந்த வரிசையில் தேடுங்கள்.

முதலில் நூலகம் நிறுவனத்தின் எண்ணிம நூலகம். 2005-இல் தொடங்கிய அந்தத் தளத்தில் இலங்கைத் தமிழ் நூல்களும் இதழ்களும் மலர்களும் பெருந்தொகையாக இருக்கின்றன. பெயரை முழுதாக மட்டும் தேடாமல், சொல் சொல்லாகவும், ஒற்று இல்லாமலும், சேர்த்தும் பிரித்தும் தேடுங்கள். அடுத்தது என். செல்வராஜா தொகுத்துவரும் 'நூல்தேட்டம்' தொகுதிகள். தொகுதிக்கு ஆயிரம் நூல்கள் என்ற கணக்கில் இலங்கைத் தமிழர்களின் நூல்களைப் பதிவு செய்திருக்கிறார். பெரும்பாலான பழைய தொகுதிகளை நூலகம் தளத்திலேயே வாசிக்கலாம். அதற்குப் பிறகு தேசிய நூலகத்தின் பட்டியல். கடைசியாகத் தமிழ்நாட்டுப் பதிப்பகங்களின் விற்பனைத் தளங்களும் திரைப்படப் பெயர்களும். உங்கள் பெயரில் அண்மையில் ஒரு படம் வந்திருந்தால் இணையத்தில் நூல் ஒருபோதும் மேலே வராது.

இணையத்தில் கிடைக்காதது இல்லை என்று முடிவு செய்யாதீர்கள். நம் மாவட்டத்தில் வெளிவந்து நூறு கைகளோடு நின்றுபோன நூல்கள் பல உண்டு. அவற்றை அறிந்தவர்கள் நூலகரும் மூத்த வாசகர்களும்தான். பொது நூலகத்தில் உள்ளூர் எழுத்தாளர்களின் நூல்கள் எங்கே இருக்கின்றன என்று கேட்டு, அந்தத் தட்டின் முன் அரை மணி நேரம் நில்லுங்கள். செலவு எதுவுமில்லை. மேலும், உங்கள் பெயர் எப்படிப்பட்ட கூட்டத்தில் நிற்கப்போகிறது என்பதும் அங்கேதான் தெரியும்.

5. காதுக்குக் கொடுத்துப் பாருங்கள்

மிஞ்சிய மூன்று பெயர்களை யாரிடமாவது தொலைபேசியில் சொல்லி எழுதச் சொல்லுங்கள். எதிரில் உட்கார்ந்து சொல்லக்கூடாது, தொலைபேசியில்தான் சொல்ல வேண்டும். நூலின் பெயர் பத்திரிகை அலுவலகத்துக்கும், பதாகை அச்சிடும் கடைக்கும், மண்டப முகாமையாளருக்கும் அப்படித்தான் போய்ச்சேரும். ல, ள, ழ மூன்றும் கலந்து வரும் பெயர்களும், ர-வும் ற-வும் இடம் மாறினால் பொருள் மாறும் பெயர்களும் இங்கே விழுந்துவிடும். 'அரை' என்று நீங்கள் சொல்ல 'அறை' என்று பதாகையில் வந்து நிற்பதைப் பார்க்க வேண்டாம்.

கேட்பவர்களிடம் "பெயர் நன்றாக இருக்கிறதா?" என்று கேட்காதீர்கள். நம் ஊரில் எவரும் நன்றாக இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்லமாட்டார்கள். "இந்தப் பெயரில் ஒரு நூல் இருந்தால் அது எதைப் பற்றியது என்று நினைப்பீர்கள்?" என்று கேளுங்கள். ஓர் உயர்தர வகுப்பு மாணவர், ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், வெளி மாவட்டத்துக்காரர் ஒருவர், எழுத்துலகத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒருவர் என்று நால்வரிடம் கேட்டால் போதும். நால்வரும் ஒரே மாதிரி சொல்லவேண்டியதில்லை. ஆனால் நால்வரும் தவறாகச் சொன்னால் பெயரை விட்டுவிடுங்கள்.

எழுத்தாளர் வட்டத்தில் கேட்பதைக் கடைசிக்கு வையுங்கள். அங்கே ஒவ்வொருவரும் தாம் எழுதாமல் விட்ட நூலுக்கான பெயரை உங்களுக்குத் தருவார்கள்.

6. உபதலைப்பு

கவிதைக்கும் கதைக்கும் 'கவிதைகள்', 'சிறுகதைகள்' என்ற ஒரு சொல் போதும். ஆய்வு நூலுக்கு இடமும் காலமும் வரட்டும். உபதலைப்பு இரண்டு வரியைத் தாண்டினால் அது முன்னுரைக்குள் போகவேண்டிய விஷயம்.

7. அட்டையிலும் முதுகிலும் பெயர் இடம் பிடிக்குமா?

எண்பது கிராம் தாளின் தடிப்பு ஏறத்தாழ பத்தில் ஒரு மில்லிமீற்றர். ஒரு தாளில் இரண்டு பக்கங்கள். ஆகவே 96 பக்க நூலுக்கு 48 தாள்கள், முதுகு ஏறத்தாழ 5 மில்லிமீற்றர். 160 பக்கம் என்றால் 8 மில்லிமீற்றர். ஐந்து மில்லிமீற்றர் முதுகில் இரண்டு வரியில் பெயர் போட முடியாது. ஒரே வரியில், எழுத்தாளர் பெயரோடு சேர்த்து, ஏ5 அளவு நூலின் 210 மில்லிமீற்றர் நீளத்துக்குள் அடங்க வேண்டும். கொக்கியும் கொம்பும் மேலே கீழே நீளும் தமிழ் எழுத்துக்கு இது இன்னும் நெருக்கடி. நீண்ட பெயரை விரும்புகிறவர்கள் இதை முன்கூட்டியே கணக்கிட்டுப் பாருங்கள். நூலகத் தட்டில் உங்கள் நூல் முகத்தைக் காட்டி நிற்கப்போவதில்லை, முதுகைக் காட்டித்தான் நிற்கும். நடுவில் கம்பி அடித்துக் கட்டும் மெல்லிய நூலுக்கு முதுகே கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

அட்டை வடிவமைப்பாளரிடம் பெயரைத் தட்டச்சுச் செய்த கோப்பாகக் கொடுங்கள். கையால் எழுதிக் கொடுக்காதீர்கள். நம் நாட்டு அச்சகங்களில் யூனிகோடு அல்லாத பழைய பாமினி எழுத்துரு இன்னும் பரவலாகப் பயன்படுகிறது. நீங்கள் யூனிகோடில் கொடுப்பதை அவர் பாமினிக்கு மாற்றும்போது ஒற்றுப் புள்ளி விழலாம், 'ஸ்ரீ' போன்ற எழுத்து வேறு உருவாகலாம். சில அலங்கார எழுத்துருக்களில் ந-வும் த-வும் ஒரே மாதிரித் தெரியும். முழு அட்டையையும் வீட்டில் ஒரு தாளில் அச்சிட்டுச் சுவரில் ஒட்டி, அறையின் மறுமுனையிலிருந்து வாசித்துப் பாருங்கள். பிறகு அதே படத்தைத் தொலைபேசித் திரையில் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். இன்று பலரும் முதலில் காண்பது அந்த அளவில்தான்.

8. படிவங்களும் ஆவணங்களும்

ஒரு தாளில் இவற்றை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: நூலின் பெயர், உபதலைப்பு, எழுத்தாளர் பெயர் முதலெழுத்துடன், பதிப்பாளர் பெயரும் முகவரியும், நூல் வகை, பக்கங்கள், அளவு, விலை, முதற்பதிப்பின் மாதமும் ஆண்டும். இதற்குப் பெயர்த்தாள் என்று நானே பெயர் வைத்துக்கொண்டேன். இனிமேல் எந்த அலுவலகத்துக்கும் எந்தக் கடைக்கும் இந்தத் தாளின் நகலைத்தான் கொடுக்கவேண்டும். நினைவிலிருந்து சொல்லக்கூடாது.

ஐ.எஸ்.பி.என். விண்ணப்பத்தோடு, அதே சபையிடம் சி.ஐ.பி. எனப்படும் பட்டியல் தரவையும் கேளுங்கள். நூலகங்கள் உங்கள் நூலை எந்த எண்ணின் கீழ், எந்தப் பொருளின் கீழ் வைக்கவேண்டும் என்பதை நிபுணர்கள் முன்கூட்டியே வகுத்துத் தரும் குறிப்பு அது. நூலின் விபரப் பக்கத்தில் அச்சிட வேண்டும். அதைத் தயாரிப்பவர் நூலை முழுதாக வாசிப்பதில்லை. பெயர்ப் பக்கம், பொருளடக்கம், முன்னுரை ஆகியவற்றைப் பார்த்தே முடிவு செய்கிறார். மங்கலான பெயரும் மங்கலான பொருளடக்கமும் கொடுத்தால் மீனவர் வரலாறு கவிதைத் தட்டுக்குப் போகும் அபாயம் உண்டு. விண்ணப்பிக்கும் நாளில் கட்டணத்தையும், செலுத்தும் முறையையும், எத்தனை வேலை நாட்களில் கிடைக்கும் என்பதையும் தொலைபேசியில் உறுதி செய்துகொள்ளுங்கள். சிறிய கேள்விக்காக இரவு பஸ் ஏறிக் கொழும்புக்குப் போய் வருவது வீண் செலவு.

படிவங்களில் பெயரை ஆங்கில எழுத்திலும் எழுதவேண்டி வரும். பலர் சறுக்கும் இடம் இது. 'ழ'வுக்கு இசட்டும் எச்சும் போடுவதா, எல் மட்டும் போடுவதா, நெடிலுக்கு எழுத்தை இரட்டிப்பதா என்பதை ஒரே தடவை முடிவு செய்து பெயர்த்தாளில் குறித்துவிடுங்கள். பெயரின் ஒலியை எழுதுங்கள், மொழிபெயர்ப்பை எழுதாதீர்கள். ஓரிடத்தில் ஒலிபெயர்ப்பும் இன்னோரிடத்தில் மொழிபெயர்ப்பும் கொடுத்தால் இரண்டு நூல் என்றே பதிவாகும்.

நூல் வெளியீட்டு உதவித் திட்டத்துக்குப் பிரதியை அனுப்பியிருந்தால், அனுப்பும்போது இருந்த பெயர்தான் கோப்பில் இருக்கும். பிறகு மாற்றினால் எழுத்தில் அறிவித்து, அறிவித்த கடிதத்தின் நகலை வைத்திருங்கள். விருதுகளுக்கும் இதே கவனம் தேவை. கிழக்கு மாகாணப் பண்பாட்டலுவல்கள் திணைக்களம் நம் ஊரிலேயே இருப்பது நமக்கு ஒரு வசதி. மாகாண சாகித்திய விருதுக்கு அறிவித்தல் வரும்போது எந்த ஆண்டு வெளிவந்த நூல்கள் என்று குறிப்பிடுவார்கள். டிசம்பரில் அச்சாகி ஜனவரியில் விழா வைப்பவர்கள் விபரப் பக்கத்தில் எந்த ஆண்டைப் போடுகிறோம் என்று தெரிந்தே போடுங்கள். விண்ணப்பங்கள் பற்றிய விபரங்களுக்கு உங்கள் பிரதேச செயலகத்தில் கலாசார உத்தியோகத்தரைச் சந்தியுங்கள். நகரத்துக்காரர்களுக்கு அது 'பட்டினமும் சூழலும்' பிரதேச செயலகம்.

9. பழைய பெயர் ஒளிந்திருக்கும் இடங்கள்

பெயர் இடையில் மாறியிருந்தால் பழைய பெயர் எங்காவது ஒளிந்திருக்கும். பெரும்பாலும் அணிந்துரையில். அணிந்துரை எழுதுபவருக்குப் பிரதியை ஆறு மாதம் முன்பே கொடுத்திருப்பீர்கள். அவர் அன்றைய பெயரைப் பாராட்டி ஒரு பத்தியே எழுதியிருப்பார். அந்தப் பத்தியை நீங்களே திருத்தக்கூடாது. அவரிடம் சொல்லித் திருத்தம் வாங்குங்கள், அதற்கும் நாள் ஒதுக்குங்கள். பேராசிரியர் என்றால் இன்னும் சில வாரங்கள்.

மற்ற இடங்கள்: முன்னட்டை, முதுகு, பின்னட்டை, உள்ளே வரும் முதற்பெயர்ப் பக்கம், முழுப் பெயர்ப் பக்கம், விபரப் பக்கம், வாழ்த்துரைகள், உங்கள் என்னுரை, பக்கத் தலைவரி, பட்டைக்குறியீட்டுக் கோப்பின் பெயர். வெளியே வந்தால் அழைப்பிதழ், பதாகை, பத்திரிகை அறிவித்தல். இவற்றை இருவர் பார்க்கவேண்டும். ஒருவர் நீங்களாக இருக்கக்கூடாது. எழுதியவரின் கண் தான் எழுத நினைத்ததையே வாசிக்கும்.

ஓர் ஆலோசனை: ஒவ்வொரு பக்கத்தின் மேலும் நூலின் பெயரைத் தலைவரியாகப் போடாதீர்கள். அழகுதான், ஆனால் அடுத்த பகுதியில் சொல்லும் செலவு அதனால்தான் பலமடங்காகிறது. அத்தியாயத்தின் பெயரோ கதையின் பெயரோ போட்டால் போதும்.

10. இடையில் பெயரை மாற்றியே ஆகவேண்டும் என்றால்

செலவு நீங்கள் எந்தக் கட்டத்தில் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

எண் வாங்குவதற்கு முன் என்றால் செலவே இல்லை. எண் வாங்கிய பிறகு, அச்சுக்கு முன் என்றால் சபைக்கு அறிவித்துப் புதிய எண்ணும் புதிய பட்டியல் தரவும் பெறவேண்டும். பட்டைக்குறியீடு மாறும், அட்டைக் கோப்பு திருத்தப்படும். பணத்தைவிட நாட்கள்தான் போகும். பழைய எண்ணைப் புதிய பெயரில் அச்சிட்டுவிடச் சொல்லி அச்சகத்தில் யாராவது ஆலோசனை சொன்னால் ஏற்காதீர்கள்.

அச்சுத் தகடு எடுத்தபிறகு என்றால் வேறு கணக்கு. வண்ண அட்டைக்கு நான்கு தகடுகள். பெயர் கறுப்பு நிறத்தில் மட்டும் இருந்தால் கறுப்புத் தகடு ஒன்றை மாற்றினால் போதும். பல வண்ணம் கலந்த எழுத்து என்றால் நான்கும் போகும். இதனால்தான் முடிவு உறுதியில்லாதவர்கள் அட்டையில் பெயரைக் கறுப்பிலேயே வைத்துக்கொள்வது நல்லது.

உள்பக்கங்கள் அச்சாகி, கட்டுவதற்கு முன் என்றால் கைக்கு மிஞ்சிப் போகவில்லை. ஓப்செற் அச்சில் உள்பக்கங்கள் பெரும்பாலும் பதினாறு பக்கப் பாரங்களாக, அதாவது ஒரே பெரிய தாளில் சேர்ந்து அச்சாகி மடிக்கப்படும் தொகுப்புகளாக, வருகின்றன. பெயர்ப் பக்கங்களும் விபரப் பக்கமும் முதல் பாரத்துக்குள்தான் இருக்கும். அந்த ஒரு பாரத்தையும் அட்டையையும் மட்டும் மறுபடி அச்சிட்டால் போதும். தலைவரியில் பெயர் இருந்தால் எல்லாப் பாரங்களும் குப்பைக்குப் போகும். அணிந்துரையில் பழைய பெயர் இருக்கிறதா, அது இரண்டாம் பாரத்துக்குப் போயிருக்கிறதா என்றும் பாருங்கள்.

கட்டி முடித்துவிட்டால் இரண்டே வழிகள். அட்டையைப் பிரித்துப் புதிய அட்டை போடுவது ஒன்று. அப்போது ஓரம் மீண்டும் வெட்டப்படும், நூல் சில மில்லிமீற்றர் சிறுக்கும். உள்ளே பெயர்ப் பக்கத்தையும் வெட்டி ஒட்டவேண்டும். அந்தச் செலவுக்கு அச்சகத்திடம் எழுத்தில் மதிப்பீடு வாங்குங்கள். மற்றது, இந்தப் பதிப்பை அப்படியே விட்டு, அடுத்த பதிப்பில் புதிய பெயரும் புதிய எண்ணும் போட்டு, விபரப் பக்கத்தில் முந்திய பெயரைக் குறிப்பிடுவது. வெறும் சலிப்பினால் பெயரை மாற்ற நினைப்பவர்களுக்கு இரண்டாவது வழியையே சொல்வேன். எழுத்துப்பிழை என்றால் பெயர்ப் பக்கத்தில் சிறிய திருத்தச் சீட்டு ஒட்டிக்கொள்ளலாம். அட்டையில் ஒட்ட வேண்டாம், விரல் பட்டுப் பட்டு அது உரிந்துவிடும்.

எந்த வழியானாலும், தேசிய சுவடிகள் திணைக்களத்துக்கு அச்சகம் அனுப்பவேண்டிய சட்டப் பிரதிகளில் எந்தப் பெயர் இருக்கிறது என்று அனுப்புவதற்கு முன் நேரில் பாருங்கள். அனுப்பிய திகதியையும் பற்றுச்சீட்டையும் அச்சகத்திடம் கேட்டு வாங்கி, பெயர்த்தாளோடு சேர்த்துக் கோவையில் வையுங்கள்.